விளக்கின் கண்ணில் படாத சைக்கிள்

விடியற்காலை ஐந்தே முக்கால் மணி. பக்கச் சாலையிலிருந்து வந்து பிரதான சாலையைக் கடக்க வேண்டும். எனக்குச் சிவப்பு, பிரதான சாலைக்குப் பச்சை. அந்தப் பச்சையில் போகத்தான் ஒரு வண்டியும் இல்லை. ஒரு நிமிடம் நின்றேன், இரண்டு நிமிடம் ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. விளக்கு மாறுகிற வழியாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மிதித்தேன். எதிர்ப்புறம் மரத்தடியில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"சிவப்பு எரியறது தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். மூணு நிமிஷம் நின்னேன். மாறவே இல்லை."

"மாறுற வரைக்கும் நிக்கணும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? அவர் அதட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். பெயர் கேட்டார், எழுதினார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். என் சைக்கிளின் சக்கரத்தையும் ஒருமுறை குனிந்து பார்த்தார். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

இங்கே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள்காரனுக்கு அபராதமே கூடாது என்ற கட்சி இல்லை நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நடைபாதையில் ஓட்டியதற்காக ஒருமுறை அபராதம் கட்டியிருக்கிறேன். அன்று ஒரு பெரியவர் கடைசி நொடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டார், நான் அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனேன். அந்த அபராதத்தை முணுமுணுக்காமல் கட்டினேன். முணுமுணுக்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்த இரண்டாவது சீட்டுதான் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தொகை ஒன்றும் பெரிதில்லை, சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி வேறு. தடுத்தது என் தங்கை. சட்டம் படித்தவள். "அண்ணா, கட்டினா தப்பை ஒத்துக்கிட்டதா அர்த்தம். அப்புறம் வாயே திறக்க முடியாது. முதல்ல சீட்டைப் பின்பக்கமும் சேர்த்துப் படி" என்றாள். பின்பக்கம் பொடி எழுத்தில், ஆட்சேபம் எழுத எத்தனை நாள் அவகாசம், யாருக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. அதை நான் திருப்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அன்று ராத்திரியே நான்கு பக்கத்துக்கு எழுதினேன். கார்க்காரர்கள் என்னென்ன செய்கிறார்கள், சைக்கிள் பாதையில் எப்படி வண்டி நிறுத்துகிறார்கள், அவர்களை யார் பிடிக்கிறார்கள், இப்படி. தங்கை படித்துவிட்டு, "இது மனு இல்லை, புலம்பல்" என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்தவன் தப்பு செய்கிறான் என்பது எந்த விசாரணையிலும் எடுபடாதாம். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள் என்றாள்: விளக்கு ஏன் மாறவில்லை?

உண்மையில் எனக்கும் அது தெரியாது. சிக்னல் எல்லாம் கடிகாரம் மாதிரி தானாக ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் அதே இடத்தில் தரையைப் பார்த்தபோது நிறுத்தக்கோட்டுக்கு முன்னால் தாரில் செவ்வகமாக ஒரு வெட்டுக்கோடு, அதன்மேல் கறுப்புப் பூச்சு. எத்தனையோ நாள் அதன்மேல் நின்றிருக்கிறேன். அதற்குள் கம்பிச் சுருள் புதைத்திருக்கிறது. அதில் சன்னமான மாறுமின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு கார் வந்து நின்றால் அதன் அடிப்பக்க உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். சுருளின் தூண்டல் திறன், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, குறையும். அந்த மாற்றத்தைச் சாலையோரப் பெட்டிக்குள் இருக்கும் கருவி கண்டுகொண்டு, "ஒரு வண்டி காத்திருக்கிறது" என்று பதிவு செய்யும். அப்புறம்தான் பக்கச் சாலைக்குப் பச்சை. வண்டி வராதவரை பிரதான சாலையின் பச்சை அப்படியே கிடக்கும்.

எடையால் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சக்கரத்தின் உலோக வளையம் அந்தக் கம்பிக்கு நேர் மேலே, அதாவது வெட்டுக்கோட்டின் மேலேயே இருந்தால் சைக்கிளையும் சுருள் உணர வாய்ப்பு உண்டு. செவ்வகத்தின் நடுவில் நின்றால் கிட்டத்தட்ட இல்லை. கார்பன் வளையம் என்றால் இன்னும் மோசம். கருவியின் உணர்திறனைக் கூட்டி வைக்கலாம். ஆனால் அளவுக்கு மீறிக் கூட்டினால் பக்கத்துத் தடத்தில் போகிற காரையும் சேர்த்து எண்ணிவிடும். அதனால் பல இடங்களில் அதைத் தணித்தே வைத்துவிடுகிறார்கள்.

அதாவது நான் மூன்று நிமிடம் நின்றதும் முப்பது நிமிடம் நின்றிருந்தாலும் ஒன்றுதான். பின்னால் ஒரு கார் வந்து நிற்கும்வரை அந்த விளக்குக்கு நான் இல்லாத ஆள். போலீஸ்காரருக்கு மட்டும்தான் நான் இருக்கிறேன்.

இது தெரிந்ததும் எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாள் விடியற்காலையில் போய் வீடியோப் படம் எடுத்தேன். முதல் நாள் தடத்தின் நடுவில் நின்று ஆறு நிமிடம். மாறவில்லை. இரண்டாம் நாள் சக்கரத்தைச் சரியாக வெட்டுக்கோட்டின் மேல் வைத்து நின்றேன். அப்போதும் இல்லை. மூன்றாம் நாள் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அரை நிமிடத்துக்குள் பச்சை. தேதி, நேரம் திரையில் தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்டேன். சாலைப் பராமரிப்பு அலுவலகத்துக்குத் தனியாக ஒரு கடிதம்: இந்தச் சந்திப்பின் சென்சார் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, சைக்கிளை வைத்துச் சோதித்தது உண்டா? பதில் வரவே இல்லை. ஆனால் கடிதம் அனுப்பியதற்கான ஒப்புகைச் சீட்டு இருந்தது. இப்படி யாராவது ஆட்சேபம் எழுதப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு விஷயத்தைச் சொல்வேன், பதில் வராத கடிதத்துக்கும் விசாரணையில் மதிப்பு உண்டு. ஒப்புகையைத் தொலைக்காதீர்கள்.

இதே சிக்கலை மற்ற இடங்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் தேடினேன். அமெரிக்காவின் சில மாநிலங்களில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. விஸ்கான்சினில் 45 விநாடி நின்றும் சென்சார் உணராவிட்டால், வழிவிட வேண்டியவர்களுக்கு வழிவிட்டுச் சைக்கிள் போகலாம். வர்ஜீனியாவில் இரண்டு நிமிடம், அல்லது சிக்னல் இரண்டு முழுச் சுற்று வரும்வரை, எது குறைவோ அது. ஐடஹோ 1982லேயே இதைவிட ஒரு படி தாண்டிவிட்டது. 'நில்' என்று நிறுத்தப் பலகை இருக்கிற இடத்தில் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து வழிவிட்டால் போதும் என்றது. சிவப்பில் நின்று, வழிவிட்டுவிட்டுப் போகலாம் என்பது பிற்பாடு சேர்ந்தது. எனக்குப் பிடித்தது அதன் பின்கதை. இந்த யோசனை சைக்கிள் சங்கங்களிடமிருந்து கிளம்பவில்லை. சில்லறைச் சைக்கிள் வழக்குகள் வந்து குவிகின்றன என்று நீதிமன்ற நிர்வாகத்தின் பக்கத்திலிருந்தே கிளம்பியது. பாரிஸில் 2015லிருந்து சிறு பலகை வைத்த சந்திப்புகளில், நடப்பவர்களுக்கு வழிவிட்டுவிட்டு, சைக்கிள்காரர் சிவப்பிலேயே வலதுபக்கம் திரும்பலாம்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2016 மார்ச்சில் சிவப்பைத் தாண்டும் சைக்கிள்காரருக்கான அபராதத்தை 71 டாலரிலிருந்து 425 டாலராக்கியது. ஒரே சாலை, ஒரே விதி, ஒரே தண்டனை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னையும் சைக்கிளையும் சேர்த்து 80 கிலோ, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். ஒரு சாதாரணக் கார் 1300 கிலோ, மணிக்கு 50. மோதும்போது காரிடம் இருக்கும் ஆற்றல் என்னுடையதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. ஜெர்மனியில் சைக்கிளுக்கும் சிவப்பு சிவப்புதான், விட்டுவிட மாட்டார்கள். ஆனால் அடிப்படை அபராதம் கார்க்காரருக்கு 90 யூரோ, சைக்கிளுக்கு 60. தொகை சரியா என்பது வேறு விஷயம், வித்தியாசம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார்கள் இல்லையா.

இதையெல்லாம் மனுவில் சேர்க்கப் போனேன். தங்கை முக்கால்வாசியை அடித்துவிட்டாள். கடைசியில் ஒரே பக்கம். நான் நின்ற நேரம், சென்சார் விவரம், மூன்று நாள் படம், பதில் வராத கடிதம். வேறு ஊர்ச் சட்டத்துக்கு ஒரே ஒரு வரி.

விசாரணை நாளுக்கு வேலைக்கு அரை நாள் விடுப்பு. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் பக்கத்தில் ஒரு பையன், இரவில் விளக்கு இல்லாமல் ஓட்டியதற்காக வந்திருந்தான். "இந்தக் காசுக்கு மூணு விளக்கு வாங்கியிருப்பேன்" என்றான். பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பகுதிப் போலீஸ் இதைக் கேட்ட மாதிரி ஒரு திட்டம் வைத்திருந்தது. விளக்கு வாங்கியதைக் காட்டினால் அபராதம் இல்லை. அந்தப் பையனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சொல்லவில்லை. அவன் பன்னிரண்டு மணி வரை பார்த்தான், கடையைத் திறக்க வேண்டும் என்று கவுண்டரில் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். பொருட்களைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் இன்னொருவரும் அப்படியே. அரை நாள் சம்பளம் பிடித்தாலும் தாங்கும் என்பதால்தான் என்னால் அங்கே உட்கார முடிந்தது. எதிர்த்து நிற்பதற்கே காசு வேண்டியிருக்கிறது.

விசாரணை பதினொரு நிமிடம். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, மனுவை ஏற்கெனவே படித்திருந்தார். அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். படங்களைப் பார்த்தார். மூன்றாவது படத்தில் கார் வந்ததும் விளக்கு மாறியதை இரண்டுமுறை ஓட்டிப் பார்த்தார். போலீஸ்காரர் தன் குறிப்பில் "சுமார் மூன்று நிமிடம் நின்றதாக ஓட்டுநர் சொன்னார்" என்று எழுதியிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். எழுதாமல் விட்டிருக்கலாம்.

வேறு ஊர்ச் சட்ட வரிக்கு வந்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இங்கே அது இல்லையே சார்." அவ்வளவுதான்.

பிறகு கேட்டார்: "சைக்கிளை விட்டு இறங்கி, நடப்பவர்களுக்கான பொத்தானை அழுத்தி, தள்ளிக்கொண்டு கடந்திருக்கலாம் இல்லையா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகவே இல்லை. வாரக்கணக்கில் சுருளையும் உணர்திறனையும் படித்த எனக்கு, பத்தடி தள்ளி ஒரு பொத்தான் இருந்தது மறந்தே போயிருந்தது. சைக்கிளும் வண்டிதான், வண்டிக்கான விளக்கு வண்டியை உணர வேண்டும், கார்க்காரரை இறங்கித் தள்ளச் சொல்வீர்களா என்று வீட்டுக்கு வந்தபின் அருமையாகப் பதில் தோன்றியது. அங்கே தோன்றியது ஒன்றுதான்: "கடந்திருக்கலாம் மேடம்."

விதியை மீறியது உண்மை, அதனால் குற்றம் நிற்கிறது. விளக்கு சரியாக வேலை செய்யாதது நிரூபணமாகியிருப்பதால் அபராதம் இல்லை, எச்சரிக்கை மட்டும் என்று முடித்தார். படங்களின் நகலைச் சாலைப் பராமரிப்புக்கு அனுப்பச் சொல்லி உதவியாளரிடம் குறிப்பு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து தங்கைக்குப் போன் செய்தேன். "ஜெயிச்சியா தோத்தியா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "பொத்தானை நான்கூட யோசிக்கலை" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

எனக்கு இப்போதும் சமாதானம் ஆகவில்லை. நடைபாதையில் பெரியவரை உரசினேனே, அங்கே நான்தான் ஆபத்து, அபராதம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. இங்கே கோளாறு தாருக்கு அடியில் இருந்தது, சீட்டு மட்டும் என் பெயருக்கு வந்தது. சந்திப்பில் நிற்கிற போலீஸ்காரரால் சுருளுக்கு அபராதம் போட முடியாது. ஆனால் அதே இடத்தில் அதே காரணத்துக்காக எத்தனை பேருக்குச் சீட்டு எழுதினோம் என்று யாராவது ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால், எனக்கு முன்னாலேயே அந்தப் பெட்டியைத் திறந்திருப்பார்கள்.

ஆறேழு வாரம் கழித்து நிறுத்தக்கோட்டுக்குப் பக்கத்தில், சரியாக வெட்டுக்கோட்டின் மேல், வெள்ளையில் ஒரு சிறு சைக்கிள் படம் முளைத்திருந்தது. உணர்திறனையும் கூட்டியிருக்கிறார்கள் போல. சக்கரத்தை அதன்மேல் வைத்தேன். இருபத்தெட்டு விநாடி. காலி சாலையில், எனக்கே எனக்காக ஒரு பச்சை. சும்மா இன்னொரு தடவை சுற்றி வந்து மறுபடியும் நின்று பார்த்தேன்.

விடிந்து சற்று நேரம் கழித்து வந்தால் அந்தப் படத்தின் மேல் பெரும்பாலும் ஏதாவது ஒரு கார் நிற்கிறது. பரவாயில்லை, அதன் பின்னால் நின்றுகொள்கிறேன். காருக்குத்தான் விளக்கு எப்படியும் மாறிவிடுமே.