கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் ஒரு கண்டக்டர்

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 31 வருஷம் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். பாதி சர்வீஸ் தேனி–மதுரை ரூட்டிலேயே கழிந்தது. பஸ்ஸைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற நினைப்போடுதான் போன அக்டோபரில் அமெரிக்காவில் ரெட்மண்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன்.

மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நான் மட்டும். "பஸ்ஸில் போய்ட்டு வாங்கப்பா, நீங்க பார்க்காத பஸ்ஸா" என்றாள் மகள். ரெட்மண்ட் இருப்பது கிங் கவுண்டியில், அதாவது சியாட்டிலும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த மாவட்டத்தில். அந்த மாவட்ட நிர்வாகமே நடத்தும் பஸ்ஸுக்குப் பேர் மெட்ரோ, 1973-லிருந்து ஓடுகிறது. மெட்ரோ என்றதும் நான் ரயில் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாளே சறுக்கல். இங்கே வண்டிகள் வலதுபக்கம் போகும் என்பது தெரியும். தெரிந்தும் பழக்கதோஷத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். நான் ஏற வேண்டிய சிவப்பும் மஞ்சளுமான 'பி லைன்' எதிர்ப்பக்கம் வந்து நின்று, கண்ணெதிரே போனது. ரெட்மண்டுக்கும் பெல்வியூவுக்கும் நடுவே ஓடும் வண்டி, பகலில் கால் மணி நேரத்துக்குள் அடுத்தது வந்துவிடும் என்பதால் தப்பித்தேன்.

ஏறியதும் அடுத்தது. டிரைவர் பக்கத்தில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி. கட்டணம் 3 டாலர், என்னிடம் இருந்ததோ 5 டாலர் நோட்டு. போட்டேன், விழுங்கிக்கொண்டது. மீதி? டிரைவர் பெட்டியில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார்: சில்லறை கிடையாது. எத்தனை பேருக்கு மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கச் சொல்லியிருக்கிறேன்! அத்தனை பேர் சாபமும் அந்த 2 டாலரில் கழிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்த பிறகு ஒலிபெருக்கி ஒவ்வொரு நிறுத்தத்தையும் சொல்லிக்கொண்டே வந்தது. நான் இறங்க வேண்டிய கிராஸ்ரோட்ஸ் மால் நிறுத்தத்தின் பேரைச் சொன்னதும் எழத் தயாரானேன். வண்டி நிற்காமல் போனது. ஜன்னலோரம் ஓடும் மஞ்சள் கயிற்றை இழுத்தால்தான் டிரைவருக்கு மணி கேட்கும், இல்லாவிட்டால் ஏறவும் ஆளில்லாத நிறுத்தத்தில் நிற்க மாட்டார். என் விசிலைப் பிடுங்கிப் பயணி கையில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

கதையைக் கேட்டுச் சிரித்த மகள் அன்றைக்கே ஒரு வேலை செய்தாள். இங்கே பஸ்ஸில் ஏறும்போது கருவியில் தட்டிக் கட்டணம் கட்டும் அட்டைக்கு 'ஆர்கா' என்று பேர். 65 வயது ஆனவர்களுக்கு அதில் சலுகை அட்டை உண்டு. என் பாஸ்போர்ட்டை வயதுச் சான்றாக வைத்து விண்ணப்பித்தாள். அட்டை வந்ததும் கட்டணம் 1 டாலராகக் குறைந்தது. பெற்றோரைக் கூட்டிவருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். ஒருமுறை தட்டினால் 2 மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் திரும்பக் காசு இல்லை. கிராஸ்ரோட்ஸ் மாலில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் காய்களை வைத்துத் தரையில் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு அதே ஒரு டாலரில் வீடு வந்து சேர்வது என் கணக்கு.

ஒருநாள் 245-ம் நம்பர் பஸ்ஸில் போனபோது சக்கர நாற்காலியில் ஒரு அம்மா காத்திருந்தார். டிரைவர் வண்டியின் முன்பக்கத்தை 'உஸ்' என்று தரையோரம் இறக்கினார். வாசலில் மடித்திருந்த பலகை விரிந்து நடைபாதையைத் தொட்டது. அந்த அம்மா உள்ளே வந்ததும் டிரைவரே எழுந்துவந்து, குனிந்து, நாற்காலியைப் பட்டைகளால் நாலு பக்கமும் கட்டினார். வண்டி நின்றுகொண்டே இருந்தது. யாரும் 'உச்' கொட்டவில்லை. நானாக இருந்தால் கையைத் திருப்பி நேரம் பார்த்திருப்பேன். உசிலம்பட்டியில் லேட்டானால் மதுரையில் டைம் கீப்பருக்குப் பதில் சொல்லணுமே.

இதற்கெல்லாம் எப்படிக் கட்டுபடியாகிறது என்று மருமகனைக் கேட்டேன். கடை பில்லைக் காட்டினார். அதில் பிடிக்கும் விற்பனை வரியிலிருந்துதான் பஸ்ஸுக்குப் பெரும்பங்கு வருகிறதாம். டிக்கெட் காசு கொஞ்சம்தான். 18 வயது வரை பிள்ளைகளுக்கு 2022-லிருந்து இலவசம். கலெக்‌ஷன் குறைந்தால் மெமோ வாங்கிய எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

போன வாரம் பி லைனில் இரண்டு பேர் ஏறினார்கள். சீருடை, கையில் சின்னக் கருவி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது: செக்கிங். முதுகு தானாக நிமிர்ந்தது. கை இடுப்புப் பக்கம் போய்த் தோல்பையைத் தேடியது. ஆர்கா அட்டையை நீட்டினேன், கருவி 'பீப்' என்றது. "தேங்க் யூ சார்" என்று அடுத்த சீட்டுக்குப் போனார்.

31 வருஷத்தில் எந்தச் செக்கரும் என்னை 'சார்' என்று கூப்பிட்டதில்லை.