லீவும் லைசென்சும்
“தொரைகிட்ட லீவு கேட்டிருக்கேன்.” இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவைப் பக்கம் இதைக் கேட்காத லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, இருக்காது. இங்கிலீஷில் ‘லீவ்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பழைய அர்த்தமே அனுமதிதான். விடுமுறை பிறகு வந்தது. கிளம்பிப் போவதைச் சொல்லும் ‘லீவ்’ வேறு வேர்.

லைசென்ஸ் இன்னும் சுவாரசியம். ‘அனுமதி உண்டு’ என்ற லத்தீன் வேரிலிருந்துதான் கசிப்புக்கு, அதாவது கள்ளச் சாராயத்துக்கு, சொல்லும் ‘இல்லிசிட்’, ஓய்வைச் சொல்லும் ‘லெஷர்’, கட்டில்லாத காமத்துக்கு ‘லைசென்ஷியஸ்’ எல்லாமே. அனுமதி கூடிப்போனால் ஒழுக்கக்கேடாம்! கூடிப்போச்சு என்று முடிவு செய்வது யாரு?

‘லிபர்ட்டைன்’ கதை கேட்டால் கோபமே வரும். ரோமில் விடுதலையான அடிமை ‘லிபர்டினுஸ்’. அந்தப் பெயர்தான் பல நூற்றாண்டு கழித்து ஒழுக்கம் கெட்டவனுக்கு வசையாச்சு.

சரி, உங்க தோட்டத்தில் லீவு கேட்டா தொரை என்ன சொல்வாரு?