கவுன்சலிங்கில் நான் கடைசி நேரத்தில் மாற்றிய வரிசை

2023-இல் பிளஸ் டூ முடித்தேன். கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 89. பொறியியல் கவுன்சலிங்குக்குக் கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டுவார்கள். எனக்கு 200-க்கு 179 கட் ஆஃப். அப்பா மானாமதுரையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். சொந்தத்தில் கல்லூரிக்குப் போனவர் ஒருவரும் இல்லை. இப்போது தேர்வு எழுதிவிட்டு நிற்கும் தம்பி தங்கைகளில் பலருக்கும் இதே நிலைமைதான் என்பதால் எழுதுகிறேன்.

என்னை அதிகம் அலையவிட்டது, குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகிறவர் என்பதற்கான முதல் பட்டதாரி சான்றிதழ். அது இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த பிறகு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) எல்லோரும் பார்த்து மேலே அனுப்ப வேண்டும். அப்பாவின் ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்தி, மறுபடி போட்டு, கைக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது. ரிசல்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள். சாதிச் சான்றிதழ், ஆதார், மார்க் ஷீட் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ரேங்க் வந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று வரிசையாகக் கொடுக்கும் விருப்பப் பட்டியலைப் பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒருவர்தான் போட்டுக் கொடுத்தார். போன வருஷக் கட் ஆஃபைப் பார்த்து, எனக்கு நிச்சயம் கிடைக்கும் ஒரு தனியார் கல்லூரியை முதலில் வைத்தார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நானும் தலையாட்டினேன்.

அன்று ராத்திரி இயற்பியல் டீச்சர் போன் செய்து, பட்டியலை வாசிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். "கம்ப்யூட்டர் மேலேயிருந்துதான் பார்த்துக்கிட்டு வரும்மா. முதல்ல இருக்கிறது கிடைச்சிட்டா, கீழே நீ ஆசைப்பட்டதைப் பார்க்கவே பார்க்காது. வேணுங்கிறதை மேலே போடு, கிடைக்கும்னு தோணுறதைக் கீழே போடு."

எனக்குச் சிவில் இன்ஜினியரிங் படிக்கத்தான் ஆசை. மறுநாள் காலையில் கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), அடுத்து காரைக்குடி அழகப்பா அரசுக் கல்லூரி, அப்புறம் சேலம் அரசுக் கல்லூரி என்று வரிசையை மாற்றினேன். தனியார் கல்லூரிகள் எல்லாம் அதற்குக் கீழே போயின. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்பதால் நாற்பதுக்கு மேல் போட்டேன். பட்டியலில் இல்லாத கல்லூரியை அவர்கள் தர மாட்டார்கள். அதேபோல், கிடைத்தாலும் சேர மனமில்லாததை நீங்களும் சேர்க்காதீர்கள்.

முதலில் சேலம் வந்தது. அதை ஏற்றுக்கொண்டு, மேலே காலியானால் மாறிக்கொள்கிறேன் என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு உதவி மையத்தில் குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். அப்பா கடன் வாங்கிக்கொண்டு வந்தார். சில நாளில் காரைக்குடிக்கே மாறியது. கோவை கிடைக்கவில்லை என்ற வருத்தம் ஒரு நாள் இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் டீச்சருக்குத்தான் சொன்னேன். "அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போட்டுடாதே. அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்றார்.