1951இல் நிறுத்திவிடு

"1951இல் நிறுத்திவிடு, பிள்ளை. அதோடு பேச்சு நிறைவாக இருக்கும்" என்றுதான் சொன்னேன். கண்டிப்பாகச் சொல்லவில்லை. மேடைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிற எந்தத் தமிழாசிரியரும் செய்கிற வேலைதான் அது. நீண்டதைக் குறைப்போம், நாக்கு இடறும் இடத்தை மாற்றுவோம், கடைசி வரி கைதட்டலில் முடியும்படி பார்த்துக்கொள்வோம். ஆனாலும் அவள் திருப்பிக் கேட்டது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

"ஏன் சேர், அதற்குப் பிறகு நடந்தது பொய்யா?"

"பொய் இல்லை. மேடைக்கு ஆகாது."

சுதந்திர தினக் கூட்டத்துக்கு மூன்று நிமிடப் பேச்சு. இலங்கைத் தேசிய கீதம் பிறந்த கதை. தலைப்பைக் கொடுத்ததும் நான்தான். தரம் பத்துப் பிள்ளை. நூலகத்தில் இருந்து எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது, இவ்வளவு தேடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். காலி மஹிந்தக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆனந்த சமரக்கோன் 1940இல் எழுதி இசையமைத்த பாட்டு, முதலில் பாடியவர்கள் அந்தக் கல்லூரி மாணவர்கள் என்று தொடங்கியிருந்தாள். பாட்டு எழுதப்பட்டபோது அது எந்த நாட்டுக்கும் கீதம் இல்லை. கீதம் வைத்துக்கொள்ளும் நிலையில் நாடும் இல்லை. சமரக்கோன் சாந்திநிகேதனில் சில காலம் படித்தவர் என்பதால், தாகூரே எழுதிக்கொடுத்தார் என்றொரு கதை உலவுகிறது. அதை அவள் சேர்க்கவில்லை. அதற்கே தனியாகப் புள்ளி போடலாம்.

1948 போட்டியைப் பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுதந்திரத்துக்கு ஒரு கீதம் வேண்டும் என்று லங்கா கந்தர்வ சபை என்ற இசைச் சங்கம் போட்டி வைத்தது. பரிசு வென்ற பாட்டை எழுதியவரும் அதற்கு இசையமைத்தவரும் நடுவர் குழுவிலேயே இருந்தவர்கள். 1948 பெப்ரவரி 4 காலையில் அந்தப் பாட்டு வானொலியில் ஒலித்தது. அரச விழாவில் பாடப்படவில்லை. "நடுவர்கள் தங்கள் பிள்ளைக்கே முதற்பரிசு கொடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தாள். அதில் நான் கைவைக்கவில்லை. அடுத்த ஆண்டுச் சுதந்திர தின விழாவில் சமரக்கோனின் பாட்டு சிங்களத்திலும் தமிழிலும் பாடப்பட்டது. 1950இல் அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன அதையே கீதமாக ஏற்கலாம் என்று முன்மொழிய, சேர் எட்வின் விஜேரத்ன தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து, 1951 நவம்பர் 22ஆம் திகதி அது அதிகாரபூர்வ தேசிய கீதமாயிற்று. நாம் பாடும் தமிழ் வடிவம் புலவர் மு. நல்லதம்பி தந்தது. இத்தோடு இரண்டே முக்கால் நிமிடம். நான் கோடு போட்டது இங்கேதான்.

கோட்டுக்குக் கீழே இருந்தது இது. பாட்டின் முதல் அடி அப்போது 'நமோ நமோ மாதா' என்று இருந்தது. 1952இல் முதற் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க குதிரையில் இருந்து விழுந்து இறந்தார். 1959இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டுக்கு வந்த கெடுதிகளுக்கெல்லாம் பாட்டின் முதலெழுத்துகள் கெட்ட கணத்தில், அதாவது ஆகாத எழுத்துச் சேர்க்கையில், அமைந்ததே காரணம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1961 பெப்ரவரியில் அரசாங்கம் முதல் அடியை 'ஸ்ரீ லங்கா மாதா' என்று மாற்றியது. எழுதியவர் கடுமையாக எதிர்த்தார், கேட்பார் இல்லை. 1962 ஏப்ரலில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கணம் பார்ப்பது நமக்கும் புதிதில்லை. பாட்டியல் என்ற செய்யுள் இலக்கண நூல்கள் சொல்லும் பத்துப் பொருத்தத்தில் கணமும் ஒன்று. மங்கலச் சொல்லில் தொடங்காத நூல் பாட்டுடைத் தலைவனுக்கு ஆகாது என்ற நம்பிக்கை நம் புலவர்களிடமும் இருந்தது. தன்மேல் பாடிய கலம்பகத்தைக் கேட்டுப் பல்லவ அரசன் நந்திவர்மன் உயிர்விட்ட கதையை வகுப்பில் நானே சுவையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையில் பாட்டைக் கேட்ட அரசன் போகிறான். இங்கே போனவர் எழுதியவர். 1961 பெப்ரவரிக்கு இன்னொரு நினைவும் உண்டு. அந்த மாதம்தான் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச செயலகத்தின் வாசலில் மொழியுரிமை கேட்டுத் தமிழர்களின் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நாட்டின் கெடுதிக்குக் காரணம் தேடியவர்கள் எட்டிப் பார்த்திருக்க வேண்டிய வாசல் அது.

என் பக்கத்தையும் சொல்லவேண்டும். அந்தக் கூட்டத்தில் தரம் ஆறுப் பிள்ளைகளும் நிற்பார்கள். ஒருவர் தம் பாட்டை மாற்றிவிட்டார்கள் என்று உயிரை விட்டார் என்று அவர்கள் முன்னால் சொல்வது, அதை ஒரு பெருமையாகச் சொல்வதில் போய் முடியும். அது உண்மையும் ஆகாது. சமரக்கோன் தம் ஒரே மகனைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். அதன்பின் இந்தியாவுக்குப் போய்ப் பாட்டை விட்டு ஓவியத்தில் இறங்கியவர். ஒரு மனிதனின் முடிவுக்கு ஒற்றைக் காரணம் எழுதிவைப்பதற்கும், நாட்டின் கெடுதிக்கு ஓர் எழுத்தைக் காரணம் காட்டியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவேன்.

ஆனால் அவள் அதற்கும் ஒரு வழி சொன்னாள். "அப்படியென்றால் எப்படி இறந்தார் என்பதை விட்டுவிடுகிறேன், சேர். முதல் அடியை மாற்றினார்கள், அவர் மறுத்தார், அது மட்டும் போதும்."

நியாயமான பேச்சு. தரம் ஆறுப் பிள்ளைக்கும் சொல்லலாம். "நேரம் போதாது" என்றேன். இருந்த கால் நிமிடத்தில் அந்த ஒரு வாக்கியத்தைத் தாராளமாகச் சொல்லலாம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தாளை மடித்துக்கொண்டு "சரி, சேர்" என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். சிறு பிள்ளைகள் பற்றிய என் கவலை உண்மையானது. ஆனால் முன்வரிசையில் வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஆட்கள் இருப்பார்கள் என்ற நினைப்பும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. தமிழில் கீதம் பாடுவதே இங்கே லேசான விடயமாக இருந்ததில்லை. தமிழ் வடிவம் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் மூன்றாம் அட்டவணையில் அச்சாகி இருக்கிறது. ஆனாலும் கொழும்பு விழாவில் மறுபடி அதைக் கேட்க 2016 வரை காத்திருந்தோம், 2020இல் மறுபடி நிறுத்தினார்கள். அப்படியான ஒரு பாட்டை, அரசாங்கமே ஒருமுறை எழுதியவரின் சம்மதம் இல்லாமல் மாற்றியது என்று நம் பிள்ளை ஒலிவாங்கியில் சொன்னால், நாளைக்கு அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள்? இது கோழைத்தனம் என்று ஒருநாள் தோன்றும். பிள்ளையையும் பாடசாலையையும் வம்பில் மாட்டாமல் காப்பது ஆசிரியனின் கடமை என்று மறுநாள் தோன்றும். இரண்டையும் சம பலத்தோடு நம்ப முடிகிறது என்பதுதான் தொல்லை.

பேச்சு நன்றாகவே நடந்தது. நடுவர் பகுதியில் ஆசிரியர்கள் சிரித்தார்கள். 1951 நவம்பர் 22 என்று சொன்னவள், நான் எழுதிக்கொடுத்த முடிவுரையையும் நன்றி வணக்கத்தையும் விட்டுவிட்டு அப்படியே இறங்கிவிட்டாள். முடிந்ததா, மறந்துவிட்டாளா என்று தெரியாமல் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு யாரோ தொடங்கிவைக்க எல்லோரும் கைதட்டினார்கள். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். அதில் எதிர்ப்பைக் காண்பது என் மனதின் வேலையாகவும் இருக்கலாம்.

வரலாறு கற்பிக்கும் நண்பரிடம் சொன்னேன். "ஒரு கீதத்துக்கு வரலாறு தேவையில்லை, எழுந்து நின்றால் போதும்" என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று கேட்டுத் தெளிவதற்குள் மணி அடித்துவிட்டது.

அதிபருக்குப் பேச்சு பிடித்திருந்தது. அடுத்த முறை மட்டும் 'சுதந்திர தினமும் மாணவர் கடமையும்' என்று பொதுவான தலைப்பாகக் கொடுத்துவிடுங்கள் என்றார். அந்தத் தலைப்பில் யாருக்கும் எதையும் வெட்டவேண்டி வராது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.