கையெழுத்து விழும் வரை: கல்லூரி ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் அனுபவம்

டெக்சாஸில் பள்ளியின் கடைசி ஆண்டில் இருந்த என் மகன், ஒருவழியாக 2025 பிப்ரவரியில் ஒரு சிறிய கல்லூரியின் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) அணிக்குக் கையெழுத்திட்டான். நிம்மதிதான். ஆனாலும் அதற்கு முன் வேறொரு பல்கலைக்கழகம் எங்களை நடத்திய விதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அவன் கிக்கர், அதாவது கோல் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவன். ஓர் அணியில் கிக்கருக்கென்று பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்காலர்ஷிப் இடம்தான் இருக்கும். அதில் இருப்பவர் படிப்பை முடித்தால்தான் அடுத்தவருக்கு வழி. கோடைகால முகாமில் அவன் உதைப்பதைப் பார்த்த அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச், முழு ஸ்காலர்ஷிப் தருவதாக வாய்மொழியாகச் சொன்னார். மகன் சம்மதித்தான், அன்று மாலையே எக்ஸ் தளத்தில் தானே அறிவித்தான். கையெழுத்தாகும் வரை ஒரு மாணவனைப் பற்றிக் கோச்சுகள் பொதுவெளியில் பேச, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதி இடம் தராததால், அறிவிப்பு எப்போதும் பையனின் பெயரில்தான் வரும். ஆக, ஊரறிய வாக்குக் கொடுத்தவன் 17 வயதுப் பையன் மட்டுமே. எதிர்த்தரப்பு சொன்னதற்கு எங்கும் ஒரு வரிகூடப் பதிவில்லை. அந்த அறிவிப்புக்குப் பிறகு, அதுவரை வாராவாரம் விசாரித்துக்கொண்டிருந்த மற்ற கோச்சுகளும் வாழ்த்துச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

கல்லூரியில் விளையாடத் தேவையான என்சிஏஏ தகுதி மையப் பதிவு, 16 அடிப்படைப் பாடங்களின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

கடைசி ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல் உதவித்தொகை விவரத்தைக் கல்லூரி எழுத்தில் தரலாம் என்பது அப்போதைய விதி. நான் கேட்டபோதெல்லாம் அந்த அலுவலகத்தில் ஒரே பதில்: "எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது, கவலைப்படாதீர்கள்." அக்டோபரில், மாணவனும் கல்லூரியும் கையெழுத்திட்டு உறுதி செய்துகொள்ளும், 1964 முதல் இருந்துவந்த தேசிய ஒப்புதல் கடித முறையையே என்சிஏஏ நீக்கிவிட்டு, இனி நிதியுதவி ஒப்பந்தம் மட்டும் போதும் என்றது. அப்படியானால் எங்களுக்கு எந்தத் தாள் வரும் என்று கேட்டேன். தொலைபேசியை எடுத்தவருக்கு அந்த மாற்றமே தெரிந்திருக்கவில்லை.

நவம்பர் கடைசியில் தலைமைக் கோச் நீக்கப்பட்டார். எங்களுக்கு வாக்குக் கொடுத்தவரும் அவரோடு கிளம்பினார். டிசம்பர் 4 அன்று கையெழுத்துக் காலம் தொடங்கவிருந்தது. பயிற்சி முடிந்து காரில் உட்கார்ந்து, ஒரு காலின் ஷூவைக் கழற்றி மடியில் வைத்திருந்த மகனின் கைப்பேசிக்கு, நாங்கள் கேள்விப்பட்டிராத ஓர் ஊழியரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: டிசம்பர் 9 அன்று கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்ததும் அனுபவமுள்ள கிக்கர் ஒருவரை எடுக்கப்போகிறார்கள், விருப்பமிருந்தால் இவன் ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆனாக வரலாம். நான் அழைத்துக் கேட்டதற்கு, "எங்கள் கோப்பில் அப்படி ஓர் ஆஃபரே இல்லையே" என்றார். வாக்-ஆன் இடமாவது உறுதியா என்றால், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி அப்போது நீதிமன்றத்தில் இருந்த ஹவுஸ் வழக்குச் சமரசம் நிறைவேறினால் அணிக்கு 105 பேர்தான் என்ற வரம்பு வந்துவிடும், எனவே அதற்கும் உத்தரவாதம் இல்லையாம்.

வாய்மொழி ஒப்புதல் இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். கையெழுத்து நாளன்று காலையில் சம்மதித்த கல்லூரியின் தொப்பிக்குப் பதில் வேறொன்றின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போகிற பையன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் நான் வாதாட மாட்டேன். ஆனால் என் மகன் வாக்குக் கொடுத்தது ஒரு கோச்சுக்கு மட்டுமல்ல, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு. அதன் பெயரைச் சொல்லித்தான் மற்ற கதவுகளை மூடினான். அவன் வேறு கல்லூரிகளைப் பார்க்கப் போகாமல் இருந்தால் அவர்களும் அந்த இடத்துக்கு வேறு ஆள் தேடாமல் இருக்க வேண்டும். முடியாத நிலை வந்தால், பையன் வேறு வழி பார்க்க அவகாசம் இருக்கும்போதே பொறுப்பில் உள்ளவர் நேரில் அழைத்துச் சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் யாரோ ஒருவர் குறுஞ்செய்தி தட்டிவிடுவது அதில் சேராது.

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டது, "இன்னும் எந்தக் காலேஜ்ல கிக்கர் இடம் காலியா இருக்குப்பா?" என்றுதான். அவனுடைய பள்ளிக் கோச் அன்றிரவே வீடியோக்களை, கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவுக்கு அடுத்த நிலையான எஃப்சிஎஸ் அணிகளுக்கு அனுப்பத் தொடங்கினார். இந்த விஷயத்தில் பள்ளிக் கோச்சின் ஒரு தொலைபேசி அழைப்பு, பெற்றோர் எழுதும் பத்து மின்னஞ்சலுக்குச் சமம்.

ஆஃபர் என்று யார் சொன்னாலும், "இவன் இன்றே சம்மதம் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று முதலில் கேளுங்கள். சம்மதம் சொல்ல முடியாத ஆஃபர்களை வாரி இறைப்பது இங்கே சகஜம். எஃப்சிஎஸ் பிரிவில் அப்போது 63 ஸ்காலர்ஷிப்களின் தொகையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்ததால், எத்தனை சதவீதம் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். ஒப்பந்தம் ஓராண்டுக்கா, பல ஆண்டுகளுக்கா என்பது அதைவிட முக்கியம். ஓராண்டு என்றால் மறு ஆண்டு புதுப்பிப்பது அவர்கள் கையில்.

இப்போது சேர்ந்திருக்கும் கல்லூரியின் கோச்சிடம் இந்தக் கேள்விகளை மகனே கேட்டான். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு என்று தனித்தனியாகத் தொகை போட்டு மறுநாளே மின்னஞ்சல் வந்தது. முதலில் ஓராண்டு என்றிருந்ததை, கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, இரண்டாண்டாக மாற்றித் தந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அவன் எக்ஸ் தளத்தில் அறிவித்தான்.