எஞ்சின் பின்னாடிதான் இருக்கணும்

எங்க சின்னவனுக்கு போன வெள்ளிக்கிழமையோட 6 வயசு ஆச்சு. கேக் எப்படி வேணும் தங்கம்னு ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டு வெச்சிருந்தேன், யோசிக்கவே இல்ல அவன், "மேட்டுப்பாளையத்துல ஏறினோமே அந்த ரயிலு, மலையோட வேணும், குரங்கும் வேணும்"னுட்டான். கோயமுத்தூர்ல இருக்கறதால ஊட்டி ரயில் எங்களுக்கு பக்கம்தான், டிசம்பர் லீவுல கூட்டிட்டுப் போயிருந்தோம், அன்னைக்குலேர்ந்து வீட்டுல வேற பேச்சே கிடையாது.

நானும் ஒரு நோட்டுல படம் வரைஞ்சு காட்டினேன். முன்னாடி எஞ்சின், பின்னாடி மூணு பெட்டி. பாத்த உடனே பென்சில பிடுங்கிட்டான். "அம்மா தப்பு, எஞ்சின் பின்னாடிதான் இருக்கும், அதுதான் தள்ளும்." அவன் சொன்னது சரிதான். குன்னூர் வரைக்கும் ஏத்தத்துல நீராவி எஞ்சின் கடைசில நின்னு பெட்டிங்கள முட்டித் தள்ளிட்டுத்தான் போகும். கல்லார் தாண்டினா சில இடத்துல 12 அடிக்கு 1 அடி ஏறுற அளவுக்கு செங்குத்து, வெறும் சக்கரம் வழுக்கிடும்னு நடுவுல பல்லு வெச்ச ஒரு தண்டவாளம் போட்டு, எஞ்சினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 1899லேர்ந்து இப்படித்தான் குன்னூருக்கு ஓடிட்டிருக்கு. அந்தப் பல்லு தண்டவாளமும் வேணுமாம் கேக்குல.

சரி, கேக்குக்கு வருவோம். இந்த மாதிரி வெட்டி உருவம் செய்யணும்னா ஸ்பாஞ்ச் கேக் வேண்டாம்ங்க, கத்தி பட்டாலே உதிரும். பவுண்ட் கேக்தான் நிக்கும். 4 முட்டைய உடைச்சு எடை போட்டேன், 200 கிராம் வந்துச்சு, அதே அளவு வெண்ணெ, அதே அளவு பொடிச்ச சக்கரை, அதே அளவு மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் வெனிலா. இதே மாதிரி ரெண்டு தடவ. ஒண்ணு பிரெட் டின்ல ஊத்தினது, அதை வெட்டினா மூணு பெட்டி ஒரு எஞ்சின். இன்னொண்ணு அடி உருண்டையா இருக்கற எவர்சில்வர் கிண்ணத்துல ஊத்தி 160 டிகிரில ஒரு மணி நேரம் வெச்சேன், கவுத்தா மலை ரெடி. ரெண்டையும் நல்லா ஆற வெச்சு, சுத்தி ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாள்தான் கத்தி வெச்சேன், இதுக்கு மட்டும் அவசரப்படாதீங்க.

நீலக் கலர்தான் என்னைப் படுத்தி எடுத்துடுச்சு. பெட்டிங்க நீலமும் கிரீமும் இல்லையா, வெண்ணெயும் ஐசிங் சுகரும் அடிச்சு நீல ஜெல் கலர் விட்டா, குளத்துல பாசி பிடிச்ச மாதிரி ஒரு பச்சை வருது! வெண்ணெய்ல இருக்கற மஞ்சள்தான் காரணம், மஞ்சளும் நீலமும் சேந்தா பச்சைதானே. அந்த பேட்ச மலைக்கு பூசிட்டு, மறுபடியும் 250 கிராம் உப்பில்லாத வெண்ணெய எடுத்து, சக்கரை போடாம வெறும் வெண்ணெயவே பத்து நிமிஷம் பீட்டர்ல அடிச்சேன், அடிக்க அடிக்க வெளுத்து பால் மாதிரி ஆச்சு. அப்புறம் 500 கிராம் ஐசிங் சுகர், டூத்பிக் நுனில தொட்டு ஒரே ஒரு சொட்டு ஊதா, அப்புறம் நீலம். ஊதா மஞ்சள அடக்கிடும். முதல்ல வெளிறித்தான் தெரியும், இன்னும் கொஞ்சம் கொஞ்சம்னு ஊத்தாதீங்க, மூடி வெச்சா ரெண்டு மூணு மணி நேரத்துல தானா அடர்த்தியாகும். நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் சரிப்படும், நான் பாத்திரத்துக்கு அடியில ஐஸ் தண்ணி வெச்சுக்கிட்டேதான் வேலை பாத்தேன்.

பல்லு தண்டவாளத்துக்கு என்ன பண்றதுன்னு மூணு நாள் மண்டைய உடைச்சிக்கிட்டேன். என் மாமியார்தான் சொன்னாங்க, "முள்ளு முறுக்கு அச்சுல நீளமா பிழிஞ்சா பல்லு பல்லாத்தான வரும்?" ஆஹா! அத்தையே மாவு பிசைஞ்சு சுத்தாம நேர் நேரா பிழிஞ்சு பொரிச்சுக் கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் சாக்லேட் குச்சி, நடுவுல முறுக்கு, அச்சு அசல் அதேதான். ஃப்ரிட்ஜ்ல வெச்சா நமத்துடும், அதனால கேக் வெட்டறதுக்கு அரை மணி முன்னாடிதான் அடுக்கினேன்.

புகைக்கு பஞ்சு மிட்டாய் வெச்சேன், அது மட்டும் கண்ணு முன்னாடியே கரைஞ்சு போச்சு, ஃப்ரிட்ஜ் ஈரத்துல சக்கரை நிக்கவே நிக்காது. பாப்கார்ன ஒண்ணோட ஒண்ணா ஒட்டி மேகம் மாதிரி வெச்சதும்தான் அழகாச்சு. குரங்குக்கு ஃபாண்டன்ட் (கேக் பொம்மை செய்யற சக்கரை மாவு) வாங்கல, பிள்ளைங்க எப்பவும் அதை துப்பிடுவாங்க. பால் பவுடர், ஐசிங் சுகர், கண்டென்ஸ்டு மில்க், கொஞ்சம் கோகோ சேத்து பிசைஞ்சா களிமண் மாதிரி வளையும், சாப்பிட்டா பால்கோவா மாதிரி இருக்கும். அஞ்சு குரங்கு செஞ்சேன். ஹில்குரோவ் ஸ்டேஷன்ல இவன் கையிலிருந்த பாக்கெட்ட ஒரு குரங்கு பறிச்சிட்டு ஓடினது ஞாபகம் வந்து, ஒண்ணு கையில மட்டும் குட்டி முறுக்குத் துண்டு ஒண்ணு சொருகி விட்டேன். அதைப் பாத்துட்டு அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே, ராத்திரி முழிச்சதெல்லாம் அப்படியே மறந்து போச்சு.

மலை அடிவாரத்துல அரை வட்டமா குடைஞ்சு குகை, முதல் பெட்டி பாதி உள்ள, ஓரியோ சக்கரத்தோட எஞ்சின் கடைசில. பெட்டி வாசல்ல பச்சைக் கொடியோட பிரேக் போடற பிரேக்ஸ்மேன் பொம்மை ஒருத்தர், அவரை டூத்பிக்ல குத்தி நிறுத்தினதால பரிமாறும் முன்னாடி மறக்காம எடுத்துட்டேன், சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்டுல இது ரொம்ப முக்கியம்.

வெட்டற நேரத்துல எல்லாரும் எஞ்சின வெட்டு எஞ்சின வெட்டுன்னு ஒரே சத்தம். இவன் கத்திய பிடிச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்கறான். ஏன்டா கண்ணான்னு அவங்க அப்பா குனிஞ்சு கேட்டாரு.

"எஞ்சின வெட்டினா தள்றதுக்கு ஆள் இல்லப்பா, எல்லா பெட்டியும் கீழ உருண்டுரும்."

குகைக்குள்ள இருந்த முதல் பெட்டியத்தான் வெட்டினான்.