நான்கெல்லை

செப்டம்பர் 22, 2025, திங்கள்

குடிமறுவாழ்வு வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று, பிள்ளை பெற்று வந்த பெண்ணுக்குச் சுற்றுவது போல எனக்கும் சுற்றினாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கை நடுக்கம் காலையில்தான் அதிகம். முழுத் தம்ளர் காப்பி கொடுத்தால் பாதி சட்டைக்குப் போய்விடுகிறது என்பதால், அம்மா பாதிப் பாதியாக இரண்டு முறை ஊற்றித் தருகிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. வார்டில் முதல் மூன்று நாட்கள் இருந்ததோடு ஒப்பிட்டால் இந்த நடுக்கம் பொருட்டே இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு அப்போது சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்திப் பார்த்து, மறுநாள் வலிப்பு வந்த பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். நெடுங்காலம் குடித்தவன் மருத்துவர் துணை இல்லாமல் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அதுவரை, நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் வேதவாக்காக இருந்தது.

காலையில் நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம் ஒன்று, தயமின் ஒன்று. அம்மா நாட்காட்டியில் பென்சிலால் குறித்துக்கொள்கிறாள்.

செப்டம்பர் 25, வியாழன்

தூக்கம் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆலோசகர் அம்மையார் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ஆசை அலை போல எழும், உச்சிக்குப் போகும், நாம் தீனி போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் இருபது முப்பது நிமிடங்களில் தானே இறங்கும் என்றார். எனக்குக் கடல் பழக்கம் இல்லை. வைகையில் தண்ணீர் பார்ப்பதே விசேஷமாக இருக்கிற ஊரில் அலைக்கு எங்கே போவது? ஆனால் இருபத்துநான்கு நிமிடங்கள் கொண்டது ஒரு நாழிகை என்று தாத்தா சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. மதுக்கடையைப் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறார்கள் என்றால், நான் கடக்க வேண்டியது நாளொன்றுக்கு 25 நாழிகை. கணக்குப் போட்ட பிறகு கொஞ்சம் பயம் வந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனேன். சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக் குளத்துக்குப் பக்கத்து ஆலமரங்களின் அடியில் இதற்கு முன்பும் பல மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். எதற்காக என்று எழுத வேண்டியதில்லை. அப்போதெல்லாம் மேலே ஏற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இன்று ஏறினேன். பாறைப் படிகளில் மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கினேன்; என்னைக் கடந்து ஏறிய ஒரு கிழவி, சாவதானமாக வா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கருகே பாறையில் வரிசையாக எட்டுத் திருமேனிகள் இருக்கின்றன. அடியில் வட்டெழுத்து, பழைய காலத்துத் தமிழ் எழுத்து. எனக்கு வட்டெழுத்து வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்து வரலாற்று ஆசிரியர் எங்களை அழைத்துவந்து காட்டியபோது சொன்ன ஒரு வரி மட்டும் முப்பது ஆண்டுகளாக மனத்தில் நிற்கிறது. அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி ஒரு சமணத் துறவி. பத்திரம் எழுதும் எங்கள் தொழிலில் தகப்பன் பெயர் இல்லாமல் ஒரு பத்திரம் முதல் வரியைத் தாண்டாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த ஆவணத்திலோ, மகன் இன்னான், தாய் இன்னாள் என்பதோடு அடையாளம் முடிந்துவிடுகிறது.

மூச்சைக் கவனி என்று சொல்லியிருந்தார்கள். கண்ணை மூடினேன். கடையின் கம்பித் தடுப்புதான் தெரிந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பத்திர அலுவலகத்துக்கு விடுமுறை என்றாலும் எதிரே எங்கள் எழுத்துக் கடையில் கணினிக்கும் பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி, சுண்டல் கொடுத்தோம். என் பழைய மைப்பேனாவையும் யாரோ எடுத்து வைத்து அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். மாலை 6.40 மணிக்குப் பங்குப் பணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். நாளைக்குக் கடை இல்லை என்பதால் ஆளுக்கு இரண்டு குவார்ட்டர் என்று கணக்கு. வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்து நடந்தேன். 7.05 மணிக்கு வயிற்றில் உண்மையாகவே ஏதோ தளர்ந்தது. ஒரு நாழிகைக்கு ஒரு நிமிடம் கூடுதல்.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி. ஊரே எனக்காக விரதம் இருப்பது போல ஒரு நிம்மதி, நேற்றிரவே வாங்கி வைத்தவர்களை நினைக்காத வரைக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று மலையில் ஒன்று கண்டுபிடித்தேன். அலை, மேகம் என்று அவர்கள் சொல்லும் உவமை எதுவும் எனக்குப் பிடிபடாததால், எனக்குத் தெரிந்த முறையில் எழுதிப் பார்த்தேன். ஆசை உடம்பில் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு, பத்திரத்தில் சொத்தின் நான்கெல்லையைச் சொல்லும் தபசில் எழுதுவது. தலையை வடக்கே வைத்துக்கொண்டேன். வடக்கே தலை வைக்கக் கூடாது என்பது படுக்கைக்குத்தானே, காகிதத்துக்கு இல்லையே. தொண்டைக்குழிக்குத் தெற்கு, தொப்புளுக்கு வடக்கு, வலது விலாவுக்குக் கிழக்கு, இடது விலாவுக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ள இடம். சூடாக இருக்கிறது. லேசாகத் துடிக்கிறது. வாயில் எச்சில் ஊறுகிறது, ஆனால் அது எல்லைக்கு வெளியே. எழுதி முடித்து நிமிர்ந்தபோது குளத்தின் மேல் ஒரு மீன்கொத்தி நேர்கோட்டில் பறந்துபோனது. மறுபடி உள்ளே பார்த்தால் தெற்கெல்லை நெஞ்சுக் குழிக்கு ஏறியிருந்தது. இடம் சுருங்கிவிட்டது.

மாலையில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், குடியை விடுபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், இருவரும் குடிகாரர்கள், ஒருவரோடு ஒருவர் பேசியதில்தான் இது தொடங்கியது என்றார்கள். தரகர் என்றதும் எனக்கு நம்பிக்கை வந்தது. தபசில் விஷயத்தை அங்கே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, ஒருவர் மட்டும் பட்டா யார் பெயரில் என்று கேட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

செக்கானூரணிப் பெரியவரின் நினைவு இன்று விடவே இல்லை. போன ஆண்டு அவருடைய கிரையப் பத்திரத்தில் 142 என்ற சர்வே எண்ணை 124 என்று அடித்தேன். வாசித்துக் காட்டியபோதும் 124 என்றே வாசித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. அப்போது மதியம் இரண்டு மணி, நான் ஏற்கெனவே ஒரு முறை கடைக்குப் போய் வந்திருந்தேன். பிழைத்திருத்தல் பத்திரம் போட அவர் இரண்டு நாள் பேருந்து ஏறி வந்தார், சாட்சிகளுக்கும் அவரே சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், என்னைப் பார்த்து ‘உனக்குக் கண்ணு சரியில்லையாப்பா, காட்டிக்கிறியா?’ என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அக்டோபர் 8, புதன்

மச்சினன் பேசினான். பாப்பாவிடம் கொடு என்றேன். படிக்கிறாள் மாமா என்றான். பின்னால் அவள் குரல் கேட்டது.

அக்டோபர் 11, சனி

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. இந்த மாதத்துக்காகக் கறியையும் குடியையும் நிறுத்தியவர்கள் இப்போதே நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நானும் ஐந்து முறை மலைக்கு மாலை போட்டு, ஐந்து முறையும் ஒரு மண்டலம் தொடாமல் இருந்தவன்தான். மாலையைக் கழற்றிய இரவே, விட்ட நாட்களுக்கும் சேர்த்துக் குடித்திருக்கிறேன். அப்போதெல்லாம் நான் அடக்கினேன், கவனிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. தோன்றுவது சரிதானா என்பதை இப்போதே சொல்ல முடியாது. இருபது நாள்காரன் பேச்சு.

அக்டோபர் 12, ஞாயிறு

பேச்சிப்பள்ளத்துக்குப் போகும் வழியில் பாறை மேல் ஒரு பாட்டில் உடைந்து கிடந்தது. குழந்தைகள் வெறுங்காலோடு ஏறுகிற இடம். குனிந்து சில்லுகளைத் துண்டில் பொறுக்கினேன். அடிப்பாகம் மட்டும் உடையாமல் கிண்ணம் போல நின்றது. அதில் ஒரு மடக்கு இருந்தது, செத்த எறும்புகள் இரண்டு மிதந்தன. வாசனை வந்தது. எறும்பை விரலால் ஒதுக்கினேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அப்புறம் அதைக் கவிழ்த்தேன். பாறையில் கறுப்பாக ஓடிய ஈரம் வெயிலில் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எழுதவும் முடியவில்லை, எல்லையும் தெரியவில்லை, உடம்பு முழுவதும் அதே இடமாகத்தான் இருந்தது. சமணர்கள் சாமாயிகம் என்று 48 நிமிடங்கள் அசையாமல் அமர்வார்களாம். இரண்டு நாழிகை. எனக்கு இன்று மூன்று ஆயிற்று.

விரலை மூன்று முறை கழுவினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எல்லோர் மீதும் எரிச்சல். மயில் அகவுவதைக்கூடப் பொறுக்க முடியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

இரவெல்லாம் மழை. நான் மழைக்கு நடுவே தூங்கியிருக்கிறேன். அம்மா சொல்லித்தான் தெரிந்தது. காப்பியை முழுத் தம்ளராகக் கொடுத்தாள். சட்டையில் இரண்டு சொட்டுத்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

அலுவலகத்தில் தீபாவளிக்கு முந்தைய கூட்டம். நாலு பத்திரங்கள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் சர்வே எண்ணை விரல் வைத்து மூன்று முறை படித்தேன். பண்டிகை முடிந்ததும் செக்கானூரணிக்குப் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். அவரிடம் கண் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

சோழவந்தானிலிருந்து இரண்டு மணிப் பேருந்தில் பாப்பாவும் அவள் அம்மாவும் வருகிறார்கள். மச்சினன் சொன்னது ஒரே வரி, தீபாவளிக்கு மட்டும் மாமா என்று.

இப்போது மணி 12.10. ஆசை தொடங்கி ஆறு நிமிடங்கள் ஆகின்றன. தொண்டைக்குழிக்குத் தெற்கு, நெஞ்சுக் குழிக்கு வடக்கு. கிழக்கும் மேற்கும் இன்று சரியாகப் பிடிபடவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு இரண்டு வழிகள். குறுக்கு வழியில் கடை இருக்கிறது, கூட்டம் சாலை வரைக்கும் நிற்கும். சுற்று வழியில் முழங்கால் அளவுக்குச் சேறு. சீக்கிரமே கிளம்பிவிடலாம் என்று குடையை எடுத்தேன். நானும் வருகிறேன் என்று அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.